28,000 ரூபாய் வயரிங்குக்கு முன்னாடி 600 ரூபாய் மீட்டர்

இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, டேர்ம் இன்சூரன்ஸ் இல்லை. ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கி, ரெண்டு மாசம் ஓட்டி, இப்போ பார்க்கிங்ல உறை போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அவங்களுக்கான பதிவு இது. வாங்கலாமானு யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்களும் படிக்கலாம்.

பழைய கார் பத்தி எல்லாரும் இன்ஜினுக்குத்தான் பயப்படுறாங்க. என் அனுபவத்துல பர்ஸைக் காலி பண்றது இன்ஜின் இல்லை, வயரிங். இன்ஜின் கெட்டா சத்தம் போடும், புகை விடும், எங்கே கோளாறுன்னு ஓரளவு சொல்லிடும். வயரிங் சொல்லாது. இன்னைக்கு ஹாரன் அடிக்காது, நாளைக்கு அடிக்கும். மழை பெஞ்சா இண்டிகேட்டர் வேலை செய்யாது. இந்தக் கண்ணாமூச்சி தாங்காம நாம பண்ற காரியம்தான் செலவு: ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்க்கிறது, இல்லைன்னா "மொத்த வயரிங்கையும் மாத்திடுங்கண்ணே"னு சாவியைக் குடுத்துட்டு வர்றது.

ரெண்டுமே தப்பான வரிசைன்னு நான் நினைக்கிறேன். கோளாறைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலையில பெரும்பகுதி. அதுக்கு உங்க ஞாயிற்றுக்கிழமையைக் குடுங்க, இல்லைன்னா அதுக்குன்னே ஒருத்தருக்குக் கூலி குடுங்க. அதைத் தவிர்க்கிறதுக்காக பார்ட்ஸ் வாங்காதீங்க.

என் கதையையே சொல்லிடறேன். 1988 மாடல் பிரீமியர் பத்மினி. வாங்கினப்போ மூணு பிரச்சனை. ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி. மூணு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்காது. பிரேக் அமுக்கினா இடது இண்டிகேட்டர் துடிக்கிறதை நிறுத்திட்டு மங்கலா எரியும். ஏரியாவுல பேர் வாங்கின ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, முப்பத்தஞ்சு வருஷ வயரு. இதுல தேடிக்கிட்டு இருந்தா ஆகாது. புது ஹார்னஸ் போட்டுடலாம், கூலியோட 28,000."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்துல நின்னு பாருங்க. ஆறு மணி நேரம் காருக்கடியில படுத்துத் தேடி, கடைசியில துருப்பிடிச்ச ஒரு போல்ட்டைச் சுத்தம் பண்ணிட்டு 3,000 ரூபாய் கேட்டா, "ஒரு போல்ட்டுக்கா மூவாயிரம்?"னு நாமளே சண்டைக்குப் போவோம். பார்ட்ஸுக்குக் காசு குடுக்கிறோம், தேடினதுக்குக் குடுக்க மாட்டேங்கிறோம். அதனால அவர் பார்ட்ஸா விற்கிறார். "உங்களுக்கு இந்த பாலிசி தேவையில்லை"ன்னு சொன்னா ஏஜென்டுக்குக் கமிஷன் வராது. அதே கதைதான்.

ஆனா அன்னைக்கு இந்தப் புத்தி எனக்கு வரல. 28,000 அதிகம்னு தோணுச்சு, அதனால நானே யூகிச்சு 4,800 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கினேன். மூணு நாள் கழிச்சு அதுவும் செல்ஃப் எடுக்கல. அப்புறம்தான் மீட்டர் வாங்கினேன்.

இந்தக் கார்களோட வயரிங் உண்மையிலேயே எளிமையானது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரியிலேர்ந்து கரண்ட் வயர் வழியா ஸ்விட்ச்சுக்குப் போகும், அங்கேர்ந்து விளக்குக்குப் போகும். திரும்பி வர்றதுக்குத் தனி வயர் பெரும்பாலும் இல்லை. காரோட இரும்பு உடம்பு வழியாவே பேட்டரிக்குத் திரும்பும். அதைத்தான் எர்த்னு சொல்றோம். போற பாதையில எல்லாரும் கவனம் வைக்கிறாங்க. வர்ற பாதை ஒரு போல்ட்டும், அதுக்குக் கீழ இருக்கிற சுத்தமான இரும்பும்தான். முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த இரும்புல துரு ஏறியிருக்கும், இல்லைன்னா யாரோ டிங்கரிங் பண்ணி அது மேலேயே பெயின்ட் அடிச்சிருப்பாங்க. பெயின்ட் வழியா கரண்ட் போகாது.

என் இண்டிகேட்டர் கதை இதுதான். பின்பக்க விளக்குக் கூட்டுல இண்டிகேட்டர், பிரேக், டெயில் லைட் மூணுக்கும் எர்த் ஒண்ணே. அது போயிட்டா கரண்ட் பக்கத்துல இருக்கிற வேற பல்பு வழியா சுத்திப் போய் வெளியேறப் பார்க்கும். ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு மினுக்கும். பேய் பிடிச்ச மாதிரி தெரியும். உப்புத்தாள் வச்சு இரும்பு பளபளக்கிற வரை தேய்ச்சு, புது ரிங் டெர்மினல் போட்டு இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினேன். இருபது நிமிஷம். பேய் போயிடுச்சு.

பழைய பிரிட்டிஷ் கார்கள் ஓட்டுறவங்க லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்'னு கிண்டல் பண்ணுவாங்க. அந்தப் பேரு நம்ம ஊருக்கும் பழக்கம்தான். சென்னை பாடியில இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் 1961லேர்ந்து இருக்கு. கிண்டல் நல்லாத்தான் இருக்கு, ஆனா நாற்பது வருஷத் துருவோட பழியை டைனமோ செஞ்சவங்க மேல போடுறது நியாயம் இல்லைன்னு எனக்குத் தோணும்.

சரி, மீட்டரை எப்படிப் பயன்படுத்துறது? பெரும்பாலான புதுசுங்க பண்ற தப்பு, விளக்கை அணைச்சு வச்சுட்டு வயர்ல 12 வோல்ட் வருதான்னு பார்க்கிறது. வரும். ஒரே ஒரு இழை செம்புல தொங்கிக்கிட்டு இருக்கிற வயர்லகூட 12 வோல்ட் காட்டும், ஏன்னா கரண்ட் ஓடல. விளக்கை எரிய விட்டுப் பாருங்க. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ஹெட்லைட்டைப் போடுங்க. ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் தூண்லயும், இன்னொண்ணை ஹெட்லைட்டோட எர்த் முனையிலயும் வைங்க. எர்த் நல்லா இருந்தா 0.1, 0.2 வோல்ட்தான் காட்டணும். எனக்கு 0.9 காட்டுச்சு. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஹெட்லைட்டோட லைவ் முனைக்குப் பார்த்தேன்: 1.5. மொத்தம் 2.4 வோல்ட் வழியிலேயே காணாமப் போகுது. பேட்டரியில 12.3 இருந்தா பல்புக்கு 9.9தான் போய்ச் சேருது.

அது சின்ன நஷ்டம் இல்லை. இந்த வகை பல்புல வோல்டேஜ் 20 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய பாதியாயிடும். இன்னொரு பக்கமும் பாருங்க. ரெண்டு 60 வாட் பல்பும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்குது. 10 ஆம்பியர், 2.4 வோல்ட், பெருக்கினா 24 வாட். மொபைல் ரிப்பேர் கடையில வச்சிருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்தச் சூடு எங்கேயோ வெளியாகுது, அதுல ஒரு பங்கு ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிற ஸ்விட்ச்சுக்குள்ள. டிம்-பிரைட் ஸ்விட்ச் உருகிப் போறதுக்கு இதுதான் காரணம். "சரியான வெளிச்சம் இல்லை, 100 வாட் பல்பு போடு"ன்னு யாராவது யோசனை சொன்னா, அந்தச் சூட்டை இன்னும் ஏத்தப்போறீங்கன்னு அர்த்தம்.

செல்ஃபுக்கும் இதே முறைதான். ஒருத்தரை சாவி திருப்பச் சொல்லிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவுல பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் பட்டை சரியில்லை. இதை அலட்சியம் பண்ணாதீங்க. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். பட்டை வழியா போக முடியலைன்னா அந்தக் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியா போகப் பார்க்கும். கேபிள் சூடாகி இறுகிப் போகும். கார்புரேட்டர் பிரச்சனைன்னு நினைச்சு அதுக்கு ஒரு செலவு பண்ணுவீங்க. 350 ரூபாய் பட்டை.

பேட்டரி ஏன் மூணு நாள்ல இறங்குது? இதுக்கு மீட்டர்கூட வேண்டாம், 120 ரூபாய் டெஸ்ட் லேம்ப் போதும். எல்லாத்தையும் அணைச்சிட்டு, கதவை மூடிட்டு, பேட்டரியோட எர்த் கேபிளைக் கழட்டுங்க. கழட்டின கேபிளுக்கும் பேட்டரி தூணுக்கும் நடுவுல டெஸ்ட் லேம்பை வைங்க. எரிஞ்சா எங்கேயோ கரண்ட் ஒழுகுது. ஒவ்வொரு ஃப்யூஸா எடுங்க. எதை எடுக்கும்போது அணையுதோ, கோளாறு அந்த லைன்ல. மீட்டரை இப்படி வச்சுட்டு மறந்து சாவியைத் திருப்பினா மீட்டர் காலி. லேம்புக்கு அந்த பயம் இல்லை, அதனால முதல் தடவைக்கு லேம்பே மேல்.

எனக்கு எல்லா ஃப்யூஸையும் எடுத்த பிறகும் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தது. ஒரு மணி நேரம் தலையைச் சொறிஞ்சேன். ஃப்யூஸ் பெட்டிக்கு வராமலே பேட்டரியிலேர்ந்து ஏதோ நேரா போகுதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. பாசிட்டிவ் டெர்மினல்ல ஒரு மெல்லிய சிவப்பு வயர். பிடிச்சுக்கிட்டே போனா டிக்கி. முன்னாடி ஓனர் தனியா மாட்டின 5 வாட் விளக்கு. மூடியைச் சாத்தினாலும் ஸ்விட்ச் அமுங்கல, உள்ளே ராப்பகலா எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. 5 வாட்னா 0.4 ஆம்பியர். 35 ஆம்பியர் அவர் பேட்டரியை மூணு நாலு நாள்ல அது குடிச்சிடும். ஸ்விட்ச் 180 ரூபாய். அதுக்காக நான் தூக்கிப் போட்ட பழைய பேட்டரி நல்ல பேட்டரியா இருந்திருக்கலாம்.

எனக்கு வயித்தைக் கலக்கினது வேற விஷயம். அந்த வயருக்கு ஃப்யூஸே இல்லை. டிக்கியில ஸ்டெப்னி அதை நசுக்கியிருந்தா, பேட்டரியோட மொத்த பலமும் அந்த மெல்லிய வயர்ல இறங்கியிருக்கும். பழைய கார் எரியறது பல நேரம் இப்படி, யாரோ ஒருத்தர் பாட்டு கேட்க, விளக்கு போட, ஹாரன் மாத்த இழுத்த ஃப்யூஸ் இல்லாத வயரால. காரை வாங்கினதும் முதல் வேலையா பேட்டரி டெர்மினலைப் பாருங்க. அங்கே தடிமனான கேபிள் தவிர வேற என்ன வயர் இருந்தாலும் அது எங்கே போகுதுன்னு தெரியாம வண்டியை எடுக்காதீங்க.

ஃப்யூஸ் பெட்டியையும் திறந்து பாருங்க. ஃப்யூஸுக்குப் பதிலா செம்புக்கம்பி, சிகரெட் பெட்டித் தாள் எல்லாம் சுத்தி வச்சிருப்பாங்க. ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போச்சுன்னா பெரிய ஃப்யூஸ் போடறது, காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி. அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. போன ஃப்யூஸ் இருந்த இடத்துல ரெண்டு வயர் வச்சு ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டுங்க. ஷார்ட் இருக்கிற வரை பல்பு முழுசா எரியும், வயர் எரியாது. பல்பு கரண்டைக் கட்டுப்படுத்திடும். இப்போ வயரை அங்கங்கே அசைச்சுப் பாருங்க, ஒவ்வொரு கனெக்டரா கழட்டுங்க. பல்பு எப்போ அணையுதோ அந்த இடம்தான். ஒரு ஃப்யூஸ்கூட செலவில்லை.

அம்பாசிடர் வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. லூகாஸ் முறையில வயர் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு: பழுப்பு நேரா பேட்டரியிலேர்ந்து வர்றது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் தாண்டின இக்னிஷன் லைன், நீலம் ஹெட்லைட், கருப்பு எர்த். படிக்க ஆரம்பிக்க இது உதவும். நம்பி வெட்ட உதவாது, ஏன்னா நடுவுல வந்த நாலு எலக்ட்ரீஷியன் கையில கிடைச்ச நிறத்தை இழுத்திருப்பாங்க. அந்தக் கால லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸ்ல 35னு போட்டிருந்தா அது ஃப்யூஸ் போற அளவு. தொடர்ந்து தாங்கறது ஏறக்குறைய அதுல பாதி. கடையில 35 ஆம்பியர்னு கேட்டு வாங்கிப் போட்டா ரெண்டு மடங்கு பெரிய ஃப்யூஸ் போட்டுட்டீங்க. இன்னொண்ணு, 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட எந்தத் தூண் பாடிக்குப் போகுதுன்னு பார்க்காம ஸ்டீரியோ, எல்இடி எதையும் மாட்டாதீங்க.

டைனமோ உள்ள வண்டியில ஐடிலிங்ல சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்கினா பதறாதீங்க. டைனமோ மெதுவா சுத்தும்போது சார்ஜ் பண்ணாது. ஆக்ஸிலேட்டர் குடுத்து பேட்டரியில 14 வோல்ட்டை ஒட்டி வருதான்னு பாருங்க. வந்தா அது கோளாறே இல்லை. இதுக்குப் போய் ரெகுலேட்டர் மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

எந்த இடத்துல நாம கையை எடுக்கணும்னும் சொல்லணும். வயரை மெதுவா வளைச்சுப் பாருங்க. மேல் உறை பிஸ்கட் மாதிரி நொறுங்கினா, டாஷ்போர்டுக்குள்ள ரெண்டு மூணு வயர் உருகி ஒட்டியிருந்தா, இல்லைன்னா ஓட்டும்போது எரிஞ்ச வாடை வந்தா, அந்த எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரி. ஹார்னஸை மாத்துங்க, 28,000 நியாயமான செலவு. என் கார்லயே ஹெட்லைட் லைன் மட்டும் அப்படித்தான் வெந்து போயிருந்தது. அதை நான் தொடல. அதே அண்ணன்கிட்ட போனேன், இந்தத் தடவை மீட்டர்ல எழுதின அளவுகளோட. புது வயர், ரெண்டு ரிலே, தனி ஃப்யூஸ், எல்லாம் சேர்த்து 4,500. சீட்டைப் பார்த்துட்டு, "இப்படிச் சொன்னா எனக்கும் வேலை லேசு தம்பி"ன்னார். மீட்டர் பிடிக்கவே பயமா இருந்தா, இப்படி ஒருத்தர்கிட்ட போய், "அண்ணே, பார்ட்ஸ் எதுவும் மாத்த வேண்டாம், அரை நாள் தேடிக் குடுங்க, அதுக்கான கூலி தர்றேன்"னு கேளுங்க. ஒத்துக்கிறவர் கிடைப்பார்.

கையில எடுக்கிறவங்க சில விஷயத்துல சமரசம் பண்ணாதீங்க. மோதிரம், ஸ்டீல் வாட்ச் கழட்டிடுங்க. வயரைத் தொடறதுக்கு முன்னாடி எர்த் கேபிளை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. வயரை உரசி ஸ்பார்க் வருதான்னு பார்க்கிற பழக்கம் பேட்டரி பக்கத்துல வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஆகிற பேட்டரியிலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் வெடிக்கும். பெட்ரோல் வாடை அடிச்சா அன்னைக்கு வேலையே கிடையாது. ஒரு கிலோ பவுடர் எக்ஸ்டிங்விஷர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

இப்போ நம்ம சேனல் கணக்கு. மீட்டர் 600, டெஸ்ட் லேம்ப் 120, உப்புத்தாள், டெர்மினல், ஃப்யூஸ் வகையறா 450, எர்த் பட்டை 350, ஸ்விட்ச் 180. மொத்தம் 1,700. ஹெட்லைட் வேலை 4,500. யூகத்துல வாங்கின பேட்டரி 4,800. ஆக 11,000. நாலு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் இருபது மணி நேரம். மாசம் 45,000 சம்பளக்காரருக்கு ஒரு மணி நேரம் சுமார் 225 ரூபாய்னு வச்சா 4,500. அதையும் சேர்த்தா 15,500. 28,000க்கு இது மேல், ஆனா வீடியோ தம்ப்நெயில்ல போடற அளவுக்குப் பிரமாதமான சேமிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஃப்ரீலான்ஸ் வருமானம் தருதுன்னா, இல்லை வீட்டுல சின்னக் குழந்தை இருக்குன்னா, காசு குடுத்துத் தேடச் சொல்றதுதான் புத்திசாலித்தனம்.

இன்னும் வாங்காதவங்க வயரிங்கோட சேர்த்து இதையும் எழுதிக்கோங்க. 15 வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் 600லேர்ந்து 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆச்சு. பழைய காருக்கு நிறைய பேர் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டு ஓட்டுறாங்க. வயரிங் தீப்பிடிச்சு உங்க கார் எரிஞ்சா அந்த பாலிசியில உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. தீ விபத்துக்கும் சேர்த்து கவர் தருவாங்களான்னு கம்பெனியில கேளுங்க; அந்தக் காலக் காரோட மதிப்பை ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணணும், அதனால ஃபோட்டோ, செலவு பில் எல்லாம் எடுத்து வைங்க. இந்த மாதிரி காரைப் பெர்சனல் லோன்ல வாங்கலாமான்னா, என் பதில் வேண்டாம். மாசாமாசம் இஎம்ஐ போய்க்கிட்டு இருக்கும்போது, எரிஞ்ச வாடை வந்தாலும் "அடுத்த சம்பளத்துல பார்த்துக்கலாம்"னு ஓட்டிடுவோம்.

என் பத்மினியில ஒரு கோளாறு பாக்கி இருக்கு. ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள் ரெண்டு கோடு ஏறுது, அணைச்சா இறங்குது. இன்ஜின் சூடாகல, தொட்டே பார்த்துட்டேன். டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற எர்த் மேலதான் சந்தேகம். ஜி.பி. ரோட்டுல புது டெம்பரேச்சர் மீட்டர் கிடைக்குதுன்னு நண்பன் சொன்னான். இன்னும் வாங்கல. இந்த ஞாயிறு உப்புத்தாளோட உள்ளே கையை விட்டுப் பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்.